மரைக்காயர் ஏறினால் துப்பாத மோட்டார்

போன வாரம் உங்கள் பட்டறைக்கு வந்திருந்தேன். ஒரு போட் மோட்டாரைத் தண்ணீர் நிரப்பிய பீப்பாய்க்குள் இறக்கி ஓட்டினீர்கள். அது ஓரத் துளை வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சியதும் உங்களில் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு, "சரியாப் போச்சுங்கய்யா, எடுத்துட்டுப் போகச் சொல்லிரலாம்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு டீ வாங்கிக் கொடுத்திருந்தீர்கள். குடித்துக்கொண்டிருக்கும்போதே குறை சொல்வது மரியாதை இல்லை. டீ செரித்துவிட்டது, இப்போது சொல்கிறேன்.

பீப்பாய் பொய் சொல்லும். வேண்டுமென்று சொல்லாது, பாவம். அதற்குக் கடல் தெரியாது, அவ்வளவுதான். எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது.

இரண்டாவது உலகச் சண்டை வருவதற்குச் சில வருஷங்கள் முன்பு நான் அரிமளத்தில் ஒரு பஸ் பட்டறையில் வேலை பார்த்தேன். அரிமளம் சமஸ்தானத்து ஊர். கடற்கரை வெள்ளைக்காரன் சீமை. எங்களுக்கும் கடலுக்கும் கருவாட்டைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது. எங்களுக்குத் தெரிந்த தண்ணீர்ப் பிரச்சினை எல்லாம் பஸ்ஸின் ரேடியேட்டர்தான். அந்தக் கால பஸ் ஊருணியைக் கண்டால் நின்றுவிடும். திருமயம் போய்ச் சேர்வதற்குள் அது குடிக்கிற தண்ணீரில் ஒரு கல்யாண வீட்டுக்குச் சமைத்துவிடலாம். பயணிகள் இறங்கி, வெற்றிலை போட்டு, வயல் வரப்பு வழக்கெல்லாம் பேசி முடித்த பிறகுதான் வண்டி கிளம்பும்.

அப்படிப்பட்ட பட்டறைக்கு ஒரு நாள் பஸ் மேல் கட்டி, கோணியில் சுற்றிய ஒரு சாமான் வந்து இறங்கியது. கூட வந்தவர் அலியார். கோட்டைப்பட்டினத்தில் காசிம் மரைக்காயர் என்ற வியாபாரியின் படகை ஓட்டுகிறவர். கோணியைப் பிரித்தால் உள்ளே ஒரு போட் மோட்டார். மரைக்காயர் கொழும்பில் வாங்கி வந்தது. அந்தக் கரையில் அப்போது வேறு யாரிடமும் இல்லை.

எங்கள் பெரிய மேஸ்திரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கடைசியில் குனிந்து காலையும் பார்த்தார்.

"ரேடியேட்டர் எங்கிட்டு இருக்கு?" என்றார்.

"இதுக்கு அதெல்லாம் இல்லைங்க. கடல்லயே குடிச்சுக்கிரும்" என்றார் அலியார்.

"உப்புத் தண்ணியவா?"

"வேற தண்ணி அங்கிட்டு இல்லைங்களே."

மேஸ்திரிக்கு அந்த மோட்டார் மேல் அப்போதே மரியாதை போய்விட்டது. உப்புத் தண்ணீர் குடிக்கிற இயந்திரத்தை நம்பக் கூடாது என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். பஸ் தன் தண்ணீரைத் தானே சுமந்துகொண்டு போகும். போட் மோட்டார் சுமக்காது. தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் அதன் காலில் ஒரு வாய் உண்டு. அதன் வழியாகக் குடிக்கும், உள்ளே ஒரு சுற்றுச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொண்டு ஓரத்தில் துப்பும். துப்புகிற வரைக்கும் உயிருக்குக் கேடில்லை. துப்பாமல் ஓடினால் உள்ளே இறுகிப் பிடித்துக்கொள்ளும், அப்புறம் படகில் நங்கூரமாகத்தான் போடலாம். அலியார் கொண்டுவந்த புகார் அதுதான். "திடீர்னு துப்ப மாட்டேங்குது. ஆவியா விடுது."

வாய்க்குள் பார்த்தேன். சேறும் கடற்புல்லும் அடைத்திருந்தன. நோண்டி எடுத்துக் கழுவி, பீப்பாயில் இறக்கி ஓட்டினேன். பெரிய மேஸ்திரியின் வேட்டி நனைகிற அளவுக்குத் துப்பியது. நானும் உங்களைப் போலவே கையைத் துடைத்துக்கொண்டு அனுப்பி வைத்தேன்.

சில நாளில் அலியார் திரும்பி வந்தார். அதே கோணி, அதே புகார். மறுபடி பீப்பாயில் இறக்கினால் ஓடைத் தண்ணீர் மாதிரி துப்புகிறது. உள்ளே இருக்கிற பம்பைக் கழற்றிப் பார்த்தேன், அதிலும் குறை இல்லை. அலியார் தலையில் அடித்துக்கொண்டு, "இது என்னைய பொய்யனாக்குதுங்க" என்றார். ஒரு ஆள் கூடவே வந்து கரையில் வைத்துப் பார்க்க வேண்டும், மரைக்காயர் வீட்டில் கல்யாணம் நெருங்குகிறது என்றும் சொன்னார்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "நீ போய்ட்டு வா. எனக்குக் கடல் ஒத்துக்காது."

"கடல நீங்க பாத்திருக்கீங்களா?"

"பாக்காமலே ஒத்துக்காது."

கோட்டைப்பட்டினத்தில் காசிம் மரைக்காயரைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. ஆள் நல்ல பாரி. உயரத்துக்கு உயரம், அகலத்துக்கு அகலம். துருக்கித் தொப்பி, வெள்ளைத் தாடி. பேசும்போது கையை வீசினால் பக்கத்தில் நிற்பவர் ஒதுங்க வேண்டும். அவருடைய மகளுக்குத்தான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் தொண்டிப் பக்கமிருந்து பெரிய தோணியில் வருகிறார்கள். அந்தக் கரையில் ஆழம் கிடையாது, தோணி தூரத்திலேயே நங்கூரம் போட வேண்டும். சம்பந்தியையும் மாப்பிள்ளையையும் தானே மோட்டார் படகில் போய் எதிர்கொண்டு அழைத்துவருவதாக மரைக்காயர் வாக்குக் கொடுத்திருக்கிறார். அதற்குச் சம்பந்தி, "மோட்டாரா? எதுக்கும் துடுப்பையும் எடுத்து வச்சுக்கங்க" என்று சிரித்திருக்கிறார்.

இதைச் சொல்லும்போது மரைக்காயர் சிரிக்கவில்லை.

"தம்பி, இது நடுக்கடல்ல நின்னா எனக்கு ஒரு நாள் வெக்கம். நான் தாங்கிக்கிருவேன். எம் மகளுக்கு ஆயுசுக்கும் கேலி. அந்த வீட்டுல அடுப்பு எரியாட்டாக்கூட, ஒங்க வாப்பா மோட்டாரு மாதிரியேன்னுதான் சொல்லுவாக. அவ வாயில்லாத புள்ள, கேட்டுக்கிட்டு அழுவா."

அதுவரை நான் ஒரு சாமானைப் பழுது பார்க்க வந்தவன். அப்புறம் அந்தப் பெண்ணுக்காக வேலை பார்த்தேன், முகம் தெரியாத பெண்.

அன்று மாலை நானும் அலியாரும் மோட்டாரைப் படகில் மாட்டிக்கொண்டு வெகுதூரம் போனோம். துப்பியது. வளைந்தோம், துப்பியது. அலை மேல் ஏறி இறங்கினோம், அப்போதும் துப்பியது. மரைக்காயர் கரையில் நின்று பார்த்துத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். திரும்பும்போது அலியார் என் காதோரம் குனிந்தார், கடலில் வேறு யாரும் இல்லை என்றாலும்.

"மேஸ்திரி, தப்பா நெனைக்காதீங்க. மொதலாளி ஏறுனாத்தான் இது அடம் புடிக்குது. அவுக இல்லேன்னா நல்லா ஓடுது. அவுகளுக்கும் இதுக்கும் ராசி இல்லை."

நான் படித்த மேதாவி மாதிரி சிரித்தேன். "இயந்திரத்துக்கு ஆள் தெரியுமா அண்ணே?" என்றேன். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அலியார் சொன்னதில் இரண்டு சங்கதி இருந்தது. ராசி இல்லை என்பது அவருடைய யோசனை. முதலாளி ஏறினால் நிற்கிறது என்பது அவர் கண்ணால் கண்டது. நான் யோசனையைத் தள்ளும்போது கண்டதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். உங்களிடமும் வருவார்கள். கண் பட்டுவிட்டது, சனிக்கிழமை வாங்கியது என்பார்கள். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் எப்போது நின்றது, யார் ஏறியிருந்தார்கள் என்று கேட்காமல் அனுப்பாதீர்கள்.

மறுநாள் காலை தோணி வந்து நின்றது. கரை முழுக்கச் சனம். படகின் அணியத்தில், அதாவது முன் தலைப்பில், ஒரு நாற்காலி போட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். மரியாதைக்குரிய ஆள் அணியத்தில் உட்காருவதுதான் அங்கே வழக்கம். பின்பக்கத்துக்கு அமரம் என்று பேர். அங்கே நானும், என் எண்ணெய்க் கையும், மோட்டாரும். அலியார் நடுவில் கழியோடு நின்றார். மரைக்காயர் பன்னீர்ச் செம்போடு நாற்காலியில் அமர்ந்தார். கயிற்றை இழுத்தேன். மோட்டார் கிளம்பியது, துப்பியது. கரையில் ஒரே ஆரவாரம்.

கரைச் சத்தம் காதில் விழாத தூரம் போனதும் துப்பல் மெலிந்தது. மோட்டார் இருமியது, துப்பல் நின்றது. வெள்ளையாக ஆவி வந்தது. நான் பயந்துபோய் மோட்டாரை அணைத்தேன்.

"என்ன?" என்றார் மரைக்காயர் திரும்பாமலே.

"கொஞ்சம் சூடுங்க மொதலாளி."

அவர் எழுந்தார். படகு ஆட, அலியார் தோளைப் பிடித்துக்கொண்டு, பின்னால் வந்து என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மோட்டாரைத் திட்டினார்.

"ஏ நன்றி கெட்டதே! கொழும்புலேர்ந்து ஒன்னைய புள்ளைய மாதிரி மடியில வச்சுக் கொண்டாந்தேன். காத்துப் படாம, மழை படாம வச்சிருந்தேன். எம் மக கல்யாணத்தன்னிக்கா ஒனக்கு வாய் அடைக்குது? துப்பு!"

சூடு தணிந்ததும் கயிற்றை இழுத்தேன். துப்பியது! தாராளமாக, நெடுந்தூரத்துக்கு. மரைக்காயர் தாடியைத் தடவினார். "பாத்தியா? பெட்ரோல் ஊத்துனா மட்டும் பத்தாது தம்பி. அதட்டணும்." திருப்தியாக எழுந்து முன்னால் போனார். நாற்காலியில் உட்கார்ந்தார். துப்பல் நின்றது.

வேகத்தைக் குறைத்துக்கொண்டு நின்றேன். அவர் மறுபடி எழுந்து, இன்னும் காரமான வார்த்தைகளை யோசித்துக்கொண்டே பின்னால் வந்தார். இந்தத் தடவை நான் மோட்டாரைப் பார்க்கவில்லை. குனிந்து கடலைப் பார்த்தேன். அவர் ஒவ்வோர் அடி வைக்க வைக்க, படகின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது. தண்ணீருக்கு மேல் பாதி தெரிந்துகொண்டிருந்த அந்த வாய், தாகத்தோடு காத்திருந்த மாதிரி, தண்ணீருக்குள் இறங்கியது.

எல்லாம் விளங்கிவிட்டது. ஆழமில்லாத கரை என்பதால் மோட்டார் சேற்றில் தட்டாமல் இருக்கப் படகின் பின்பலகையை ஒரு சாண் உயர்த்தி அடித்திருந்தார்கள். அதனால் மோட்டாரின் கால் மேலேயே தொங்கியது. வாய் தண்ணீரைத் தொட்டுக்கொண்டுதான் இருந்தது, அதற்கு மேல் இல்லை. மரைக்காயர் அணியத்தில் உட்கார்ந்தால் அமரம் தூக்கும், மோட்டார் தண்ணீருக்குப் பதில் காற்றைக் குடிக்கும். அவர் இல்லாமல் நானும் அலியாரும் போனால் எப்படி நிற்கும்? என் பீப்பாயில்தான் யாரும் அணியத்தில் உட்காரவில்லையே!

சந்தோஷப்பட நேரமில்லை. தோணி கிட்டத்தில் வந்துவிட்டது. அதன் விளிம்பில் சம்பந்தி நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். மரைக்காயரே அவருக்குப் பக்கத்தில் நின்றால் நோஞ்சான். இவர்கள் இரண்டு பேரும் மரியாதையாக அணியத்தில் உட்கார்ந்தால் மோட்டாருக்குக் கால் நனையாது. மாப்பிள்ளையோடு துடுப்புப் போட்டுக்கொண்டுதான் கரை சேர வேண்டும், அவ்வளவு சனத்துக்கு முன்னால்.

உண்மையைச் சொல்லலாம்தான். மரைக்காயரிடம், "மொதலாளி, நீங்க கனம்" என்றால் திட்டிவிட்டு விட்டுவிடுவார். ஆனால் சம்பந்தியிடம் யார் சொல்வது? முதல் நாள் வருகிற சம்பந்தியை உடம்பைக் காட்டிப் பின்னால் போகச் சொல்வதும், பந்தியில் உட்கார்ந்தவரைப் பாதியில் எழுப்புவதும் ஒன்று. மோட்டார் ஓடும், கல்யாணம் நின்றுவிடும்.

என் வாயிலிருந்து என்னையறியாமல் வந்தது: "மொதலாளி, ஒங்க அதட்டலுக்குத்தான் இது அடங்குது. நீங்க கரை போற வரைக்கும் இங்கிட்டே இருக்கணும். சம்பந்தியையும் இங்கிட்டே கூப்பிட்டு ஒக்கார வச்சுக்கிட்டீங்கன்னா அவுகளும் பாப்பாக."

மரைக்காயர் என்னைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். தோணியில் நின்ற சம்பந்தியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படிங்கிற?" என்றார். பிறகு உரக்க, "அலியாரு! நாற்காலிய அமரத்துக்குக் கொண்டா. ஜமுக்காளத்தயும் இங்கிட்டு விரி. சீர்ப்பெட்டி வந்தா நடுவுல வையி, அணியத்துல ஒண்ணும் ஏத்தாத!"

தப்பித்தேன் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது.

சம்பந்தி இறங்கினார். படகு ஒரு முனகல் முனகியது. அவர் வழக்கப்படி அணியத்தை நோக்கிக் காலெடுத்து வைத்தார்.

"சம்மந்தி, அங்கிட்டு என்ன இருக்கு? வெறுங்காத்து. இங்கிட்டு வாங்க, இந்த மோட்டாரு யாருக்கு அடங்குதுன்னு காட்டுறேன்" என்று மரைக்காயர் கையைப் பிடித்து அழைத்து நாற்காலியில் உட்கார வைத்தார். தான் பக்கத்துப் பலகையில் அமர்ந்தார். மாப்பிள்ளை அலியாருக்குப் பக்கத்தில் நடுவில் அமர்ந்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். மரைக்காயர் ஓர் அதட்டல் போட்டார். நான் கயிற்றை இழுத்தேன். மோட்டார் துப்பிய துப்பலைச் சொல்லி முடியாது. மூழ்கிக் குடித்துக்கொண்டிருந்ததல்லவா!

சம்பந்தி பிரமித்துப் போனார். பாதி வழியில் மெதுவாக, "நானும் ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கலாமா?" என்றார்.

"தாராளமாச் சொல்லுங்க. குடும்பத்த மட்டும் இழுக்காதீங்க. ரோசக்காரன்."

கரையில் நின்றவர்கள் கண்டது இதைத்தான்: இரண்டு பெரிய மனிதர்கள் படகின் பின்னால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு மோட்டாரைப் பார்த்துக் கையை நீட்டி மாறி மாறித் திட்டிக்கொண்டு, விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வருகிறார்கள். முன்பக்கம் வானத்தைப் பார்க்க, படகு வேகமாகக் கரை தட்டியது. எனக்குச் சட்டை முழுக்க வியர்வை.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் மரைக்காயரிடம் போனேன். பின்பலகையை ஒரு சாண் அறுத்துவிட்டு, சேறு தட்டுகிற கரையோரத்தில் மட்டும் மோட்டாரைத் தூக்கிக்கொண்டால், அப்புறம் யார் எங்கே உட்கார்ந்தாலும் மோட்டார் துப்பும். ஆனால் அவருடைய அதட்டலுக்கு இனிமேல் வேலை இருக்காது. அதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். "மொதலாளி, அந்தப் பலகை இருக்கே..." என்று தொடங்கினேன்.

"கனந்தானே?" என்றார் அவர்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் மொதலாளி?" என்றேன்.

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து தோணியில மூட்டை ஏத்துறோம். அணியத்துல கனம் கூடுனா அமரம் தூக்கும்னு எனக்குத் தெரியாதா? இந்தச் சனியன் எந்த எடத்துல தண்ணி குடிக்குதுன்னுதான் தெரியாம இருந்துச்சு. நீ குனிஞ்சு பாத்தியே, அந்த எடத்த நானும் பாத்தேன்."

"அப்பறம் ஏன் மொதலாளி கரை வரைக்கும் அதட்டிக்கிட்டே வந்தீங்க?"

"சம்மந்திய பாத்து நீங்க கனம்னு நான் சொல்ல முடியுமா, நீ சொல்ல முடியுமா? நீ ஒரு வழி சொன்ன. எனக்குப் புடிச்சிருந்துச்சு. அதுல ஏறிக்கிட்டேன்." தாடிக்குள் சிரித்தார். "பலகைய அறுத்துரு. ஆனா அவுக ஊருக்குத் திரும்புற வரைக்கும் அறுக்காத. போறப்ப இன்னொரு தடவ அதட்டணும்னு ஆசைப்படுறாக."

உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். பீப்பாயில் துப்பியதும் கையைத் துடைக்காதீர்கள். படகில் ஏறிப் போய், அதில் தினமும் ஏறுகிறவர்களை ஏற்றி, எங்கே உட்காருவார்களோ அங்கே உட்காரச் சொல்லிப் பாருங்கள். குறையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. அதை எந்த வார்த்தையில் சொல்கிறீர்கள் என்பது மீதி.

சில வருஷம் கழித்து அலியாரைத் திருமயத்தில் பஸ் நிற்கிற இடத்தில் பார்த்தேன். விசாரித்த முதல் கேள்வியே அந்தப் பெண்ணைப் பற்றித்தான். மாமனார் வீட்டில் மோட்டாரைச் சொல்லிக் கேலி செய்கிறார்களா என்று கேட்டேன்.

"செய்யாம இருப்பாகளா?" என்றார் அலியார். "அந்த வீட்டுல அடுப்பு எரியாட்டாலும், கதவு தெறக்காட்டாலும், பேரன் அழுகைய நிறுத்தாட்டாலும் மாமனார்தான் மொதல்ல சத்தம் போடுவாராம், 'ஒங்க வாப்பாவக் கூப்புடும்மா, வந்து ஒரு அதட்டு அதட்டட்டும்'னு. அந்தப் புள்ள வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிக்குதாம்."